‘குற்றவாளின்னு ஒத்துக்கோ, அப்புறம் சிகிச்சை’ - அமெரிக்க மனநல நீதிமன்றங்களில் என்ன பிரச்னை?

தண்டனைக்குப் பதில் சிகிச்சை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மனநோயால் பாதிக்கப்பட்ட ஒருவர் திருட்டு, அத்துமீறி நுழைதல், அடிதடி என ஏதோ ஒரு வழக்கில் சிக்கினால் அவரை ஜெயிலில் தள்ளாமல் மருத்துவரிடம் அனுப்பி வைப்பது, ஒழுங்காகச் சிகிச்சையை முடித்தால் வழக்கையே தள்ளுபடி செய்வது. அமெரிக்காவில் 1997-ல் ஒரே ஒரு கோர்ட்டாகத் தொடங்கிய இந்த ஏற்பாடு, இன்று 300-க்கும் மேற்பட்ட மனநல நீதிமன்றங்களாக வளர்ந்து நிற்கிறது.

திட்டத்தில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றலாம். இருக்கிறது. இந்த நீதிமன்றங்களில் பலவற்றுக்குள் நுழைய ஒரு டிக்கெட் தேவை. ‘ஆமாம், குற்றம் செய்தேன்’ என்று முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். அதன்பிறகுதான் மருத்துவர், மாத்திரை, தங்குமிடம் எல்லாம். நோயாளியிடம் மருந்து கொடுப்பதற்கு முன்பாகவே வாக்குமூலம் வாங்கும் இந்த நடைமுறை தேவையே இல்லை என்பதற்கு, அமெரிக்காவிலேயே ஆதாரம் இருக்கிறது.

ஆஸ்பத்திரி மூடியது, ஜெயில் நிரம்பியது

முதலில், ஒரு கிரிமினல் கோர்ட் ஏன் மருத்துவமனை வேலையைப் பார்க்க வேண்டி வந்தது?

1955-ல் அமெரிக்க மாநில அரசுகளின் மனநல மருத்துவமனைகளில் சுமார் 5.58 லட்சம் நோயாளிகள் இருந்தார்கள். 2016-ல் அங்கே மிச்சமிருந்த படுக்கைகள் 38 ஆயிரத்துக்கும் குறைவு. இத்தனைக்கும் இடைப்பட்ட காலத்தில் நாட்டின் மக்கள்தொகை கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது.

அந்தப் பழைய மருத்துவமனைகள் ஒன்றும் சொர்க்கமல்ல. பலவற்றில் நோயாளிகளை அடைத்துப்போட்டு மறந்தேவிட்டார்கள். 1950-களின் நடுவில் குளோர்ப்ரோமசின் போன்ற மருந்துகள் வந்ததும், ‘வீட்டிலிருந்தே குணப்படுத்தலாமே’ என்ற நம்பிக்கை பிறந்தது. அதிபர் ஜான் எஃப்.கென்னடிக்கு இது சொந்த வீட்டு வலியும்கூட. அவரது தங்கை ரோஸ்மேரிக்கு 1941-ல் செய்த மூளை அறுவை சிகிச்சை, அவரை வாழ்நாள் முழுவதும் முடக்கிப்போட்டது. பெரிய மருத்துவமனைகளுக்குப் பதிலாக ஊருக்கு ஊர் சமூக மனநல மையம் என்ற சட்டத்தில் கென்னடி கையெழுத்துப் போட்டது 1963 அக்டோபர் 31. அடுத்த மூன்றே வாரத்தில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார்.

திட்டமிட்டது 1,500 மையங்கள். கட்டியது ஏறக்குறைய பாதி. மருத்துவமனைகளைக் காலி செய்வதில் மாநில அரசுகள் காட்டிய வேகம், மாற்று ஏற்பாட்டைக் கட்டுவதில் இல்லை. 1965-ல் வந்த மெடிக்கெய்ட் என்ற ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடும், பெரிய மனநல மருத்துவமனைகளில் இருக்கும் நடுத்தர வயதினருக்குப் பணம் தர முடியாது என்று கைவிரித்துவிட்டது. செலவு மொத்தமும் தங்கள் தலையில் என்றானதும் மாநிலங்கள் இன்னும் வேகமாகக் கதவைச் சாத்தின.

வெளியே வந்தவர்கள் எங்கே போனார்கள்? பலர் குடும்பத்தோடு சேர்ந்தார்கள். குடும்பம் இல்லாதவர்கள், குடும்பத்தால் சமாளிக்க முடியாதவர்கள் தெருவுக்கு வந்தார்கள். தெருவிலிருந்து ஜெயில் வெகு தூரமில்லை. அமெரிக்க நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு 2011-12-ல் எடுத்த கணக்கெடுப்பில், பெரிய சிறைகளில் இருப்பவர்களில் 37 சதவிகிதம் பேர், விசாரணைக் கைதிகள் இருக்கும் உள்ளூர் ஜெயில்களில் 44 சதவிகிதம் பேர், ‘உங்களுக்கு மனநலக் கோளாறு இருக்கிறது’ என்று மருத்துவத் துறையினரால் எப்போதாவது சொல்லப்பட்டவர்கள். லாஸ் ஏஞ்சலிஸ், சிகாகோ, நியூயார்க் ஜெயில்களை ‘நாட்டின் மிகப் பெரிய மனநல மருத்துவமனைகள்’ என்று அங்கிருப்பவர்களே கசப்போடு சொல்வது இதனால்தான்.

ஃப்ளோரிடாவில் ஒரு சூப்பர் மார்க்கெட் வாசல்

ஃப்ளோரிடா மாநிலத்தின் ப்ரோவர்ட் கவுன்ட்டியில் ஓர் இளைஞர். 1980-களில் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் பலத்த அடி. அதன்பிறகு ஆளே மாறிப்போனார். சிகிச்சை கேட்டு அவரது குடும்பம் வருடக்கணக்கில் அரசு அமைப்புகளின் படியேறி இறங்கியது. சரியான உதவி கிடைக்கவில்லை. 1990-களின் தொடக்கத்தில் ஒருநாள், சூப்பர் மார்க்கெட்டிலிருந்து பதற்றத்தோடு ஓடிவந்தவர், வாசலில் 80 வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டி மீது மோதிவிட்டார். கீழே விழுந்த அந்த மூதாட்டி இறந்துபோனார். இளைஞர் மீது உயிரிழப்பை ஏற்படுத்தியதாக வழக்கு.

அவருக்காக அரசு செலவில் வாதாடிய வழக்கறிஞர்களில் ஒருவரான ஹோவர்ட் ஃபிங்கெல்ஸ்டீன், விசாரிக்க வேண்டியது இந்த இளைஞரை அல்ல, இவரைக் கைவிட்ட அமைப்பை என்று வாதாடினார். கிராண்ட் ஜூரி எனப்படும் விசாரணைக் குழு உட்கார்ந்து, அந்த வட்டாரத்தின் மனநலச் சேவைகளைக் கிழித்துத் தொங்கவிட்டு 1994-ல் அறிக்கை கொடுத்தது. அதன் தொடர்ச்சியாக 1997-ல் பிறந்ததுதான் நாட்டின் முதல் மனநல நீதிமன்றம். நீதிபதி ஜிஞ்சர் லெர்னர்-ரென். ஆரம்பத்தில் அது பகுதி நேரக் கோர்ட்தான். வழக்கமான வழக்குகளுக்கு நடுவே நேரம் ஒதுக்கி இதையும் நடத்தினார்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம், ப்ரோவர்ட் கோர்ட் சிறு குற்றங்களை எடுத்துக்கொண்டது. ‘முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்’ என்று கட்டாயப்படுத்தவில்லை. வழக்கை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு சிகிச்சையைத் தொடங்கினார்கள். பின்னால் வந்த பல கோர்ட்டுகள் இந்த மாடலை எடுத்துக்கொண்டபோது, இந்த ஒரு பாயின்ட்டை மட்டும் வசதியாக விட்டுவிட்டன.

உள்ளே என்ன நடக்கும்?

சினிமாவில் பார்க்கும் கோர்ட் மாதிரி இருக்காது. விசாரணைக்கு முன்பே நீதிபதி, அரசுத் தரப்பு வக்கீல், எதிர்த்தரப்பு வக்கீல், மனநலப் பணியாளர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒவ்வொருவரின் நிலவரத்தையும் பேசிவிடுவார்கள். பிறகு அந்த நபர் நீதிபதி முன்னால் வந்து நிற்பார். ‘தூக்கம் வருதா? புது மாத்திரை ஒத்துக்குதா? அம்மாகிட்ட பேசினீங்களா?’ என்கிற ரேஞ்சில்தான் கேள்விகள் இருக்கும். நன்றாகப் போனால் கோர்ட்டே கைதட்டும். முடித்தால் சான்றிதழ். மருந்தை நிறுத்தினால், வராமல் டபாய்த்தால், அடிக்கடி ஆஜராக வேண்டும். ரொம்பப் போனால் சில நாள் ஜெயில்.

இதை, பைத்தியம் என்று சொல்லித் தப்பிக்கும் வழி என்று சிலர் நினைப்பதுண்டு. அது வேறு. குற்றம் செய்த நேரத்தில் என்ன செய்கிறோம் என்றே தெரியாத மனநிலையில் இருந்தேன் என்று வாதாடுவது, 1843-ல் இங்கிலாந்தில் உருவான மெக்நாட்டன் விதியிலிருந்து வருவது. நம்மூரில் இந்திய தண்டனைச் சட்டம் 84-வது பிரிவாக இருந்து, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 22-வது பிரிவாக இருப்பதும் அதே வழிதான். அதில் ஜெயித்தால் குற்றமே இல்லை என்றாகிவிடும். ஆனால் நிரூபிப்பது ரொம்பக் கஷ்டம். மனநல நீதிமன்றம் அந்த வாதத்துக்குள் போவதே இல்லை. நோய் இருக்கிறது, அந்த நோய்க்கும் நடந்ததற்கும் தொடர்பு இருக்கிறது, சிகிச்சை கொடுத்தால் மறுபடி நடக்காது என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

பலன் இருக்கிறதா என்றால், இருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோ கோர்ட்டைப் பற்றி 2007-ல் வந்த ஆய்வும், நான்கு ஊர் கோர்ட்டுகளை ஒப்பிட்டு 2011-ல் வெளியான பெரிய ஆய்வும் ஒரே திசையைக் காட்டின. சாதாரண வழியில் போனவர்களைவிட இந்த வழியில் வந்தவர்கள் மறுபடி கைதாவது குறைவு, ஜெயிலில் கழிக்கும் நாட்களும் குறைவு. ‘நன்றாக வரக்கூடியவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் ரிசல்ட் நன்றாகத்தானே வரும்’ என்ற விமர்சனமும் இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், ஜெயிலைவிட இது மேல் என்பதில் பெரிய சந்தேகமில்லை.

பணக் கணக்கும் அதையேதான் சொல்கிறது. நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவு உள்ளிட்ட நகர ஜெயில்களில் ஒரு கைதிக்கு ஆகும் செலவு, 2021 நிதியாண்டில் வருடத்துக்கு 5.5 லட்சம் டாலருக்கும் மேல் என்று அந்த நகரத்தின் கணக்குத் தணிக்கை அலுவலகமே சொன்னது. அன்றைய மதிப்பில் சுமார் 4 கோடி ரூபாய். அந்தப் பணத்தில் ஒருவருக்கு வீடு, வைத்தியம், துணைக்கு ஓர் ஆள் எல்லாம் கொடுத்துவிட்டு மிச்சமும் பிடிக்கலாம்.

அந்த ஒரு வார்த்தை: ‘கில்ட்டி’

இப்போது நியூயார்க்கின் புரூக்ளினுக்கு வருவோம். 2002-ல் தொடங்கிய புரூக்ளின் மனநல நீதிமன்றம் இந்தத் துறையில் ரொம்பப் பிரபலம். நீதிபதி மேத்யூ டெமிக் தலைமையில் அது தொடங்கியது. சிறு குற்றங்களோடு நிற்காமல் பெரிய வழக்குகளையும் எடுத்துக்கொண்டது உண்மையிலேயே துணிச்சலான முடிவு. வழக்கின் தன்மையைப் பொறுத்து சிகிச்சைக் காலம் ஒரு வருடம் முதல் இரண்டு வருடம் வரை.

ஆனால் இங்கே, குற்றத்தை ஒப்புக்கொண்டால்தான் என்ட்ரி. முடிக்காமல் போனால் எத்தனை வருடம் சிறை என்பதும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கும். முடித்தால் ஒப்புதலைத் திரும்பப் பெற்று வழக்கைத் தள்ளுபடி செய்வார்கள், அல்லது குற்றச்சாட்டைக் குறைப்பார்கள்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? மனச்சிதைவு நோய் உள்ள ஒருவர், மருந்து நின்றுபோன நிலையில், பக்கத்து வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனார் என்று வைத்துக்கொள்வோம். அவர் காதில் குரல்கள் கேட்கின்றன. அந்த வீட்டில் தன் தம்பியை யாரோ கட்டிவைத்திருப்பதாக நம்பினார். கைதாகி ஜெயிலில் இருக்கிறார். வக்கீல் வந்து சொல்கிறார்: ‘ரெண்டு வழி இருக்கு. வழக்கு நடத்தலாம், ஆனா அதுவரைக்கும் உள்ளேயே இருக்கணும். இல்லேன்னா குற்றத்தை ஒத்துக்கிட்டா சீக்கிரமே வெளியே போய் ட்ரீட்மென்ட் எடுக்கலாம்.’

யாராக இருந்தாலும் இரண்டாவதைத்தான் எடுப்பார்கள். பிறகு நீதிபதி முன்னால் வழக்கமான கேள்விகள். ‘ஜூரி விசாரணை உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்கள், புரிகிறதா? யாராவது கட்டாயப்படுத்தினார்களா? சுயநினைவோடுதான் சொல்கிறீர்களா?’ அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். எந்த மனநிலையில் இருப்பதற்காக இவரை இந்தக் கோர்ட்டுக்கு அழைத்து வந்தார்களோ, அதே மனநிலையில் இருக்கும்போதுதான் வாழ்க்கையின் மிக முக்கியமான சட்ட முடிவை எடுக்கச் சொல்கிறார்கள். விசாரணையைப் புரிந்துகொள்ளும் திறன் இருக்கிறதா என்று மருத்துவர்கள் சோதிப்பது உண்மைதான். ஆனால் சட்டம் எதிர்பார்க்கும் அந்தத் தகுதி ரொம்பக் குறைந்த அளவுகோல். வழக்கு என்ன, வக்கீல் யார் என்று புரிந்தால் பாஸ்.

இன்னொன்றும் இருக்கிறது. நிஜமாகவே குற்றம் செய்யாதவர் என்ன செய்வார்? ஆளை மாற்றிப் பிடித்திருக்கலாம். போலீஸ் ஊதிப் பெரிதாக்கியிருக்கலாம். அவருக்கும் சிகிச்சை தேவைதான். ஆனால் ‘நான் செய்யவில்லை’ என்று சொன்னால், சிகிச்சைக்கான அந்தக் கதவு மூடிவிடும். பொய் சொன்னால் திறக்கும்.

சின்ன வழக்குகளில் கணக்கே தலைகீழாகிறது. கடையில் எதையோ எடுத்ததற்குச் சாதாரண கோர்ட்டில் சில நாள் ஜெயிலோடு முடிந்துபோகும். சிகிச்சை வழியில் போனால் ஒரு வருடம் கண்காணிப்பு. உடல்நலத்துக்கு அது நல்லதாகவே இருக்கலாம். ஆனால் சிகிச்சையில் தடுமாறினால், தலைக்கு மேல் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட குற்றம் தொங்கிக்கொண்டிருக்கும். மனநோய் சிகிச்சையில் தடுமாறாதவர்கள் யார்? பக்கவிளைவு தாங்காமல் மாத்திரையை நிறுத்துவதும், மறுபடி தொடங்குவதும் அந்த நோயோடு சேர்ந்தே வருபவை.

விசாவில் இருப்பவர்களுக்கு இது வேறு லெவல் ஆபத்து

இது அமெரிக்காவில் படிக்கிற, வேலை பார்க்கிற தமிழர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய இடம். ஸ்டூடன்ட் விசா, ஹெச்1பி, ஏன், கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் ‘தண்டிக்கப்பட்டவர்’ என்ற வார்த்தைக்கு 1996 முதல் தனி அர்த்தம் உண்டு. ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதன்பேரில் நீதிபதி ஏதாவது ஒரு கட்டுப்பாட்டையும் விதித்திருந்தால் போதும். பிற்பாடு அந்த மாநிலக் கோர்ட்டே, ‘நன்றாகத் திருந்திவிட்டார்’ என்று வழக்கைத் தள்ளுபடி செய்தாலும், குடியேற்றத் துறையின் கண்ணில் அது தண்டனைதான். அதாவது, கோர்ட் கைதட்டி, சான்றிதழ் கொடுத்து, ‘உங்கள் மேல் எந்த வழக்கும் இல்லை’ என்று அனுப்பி வைத்த ஒருவரை, அதே வழக்கைக் காட்டி நாடு கடத்த வாய்ப்பிருக்கிறது. எந்தக் குற்றம் என்பதைப் பொறுத்து இது மாறும். ஆனால் மனநல நெருக்கடியில் இருக்கும் 24 வயது மாணவர், லாக்கப்பில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கணக்கெல்லாம் போட்டுப் பார்ப்பாரா?

குற்ற ஒப்புதல் இல்லாமல் சிகிச்சைக்கு அனுப்பினால் இந்தப் பிரச்னை பெரும்பாலும் எழுவதே இல்லை. ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல வைப்பதா வேண்டாமா என்பதில் ஒருவரின் மொத்த எதிர்காலமும் மாறிவிடுகிறது.

அரசுத் தரப்பு சொல்வதில் நியாயம் இல்லையா?

இருக்கிறது. அவர்களது வாதம் இரண்டு. ஒன்று, பிடி. தலைக்கு மேல் தண்டனை இருந்தால்தான் சிகிச்சையை ஒழுங்காக எடுப்பார்கள். இரண்டு, சாட்சிகள். இரண்டு வருடம் கழித்துச் சிகிச்சை தோற்றுப்போய் வழக்கை மறுபடி எடுத்தால், சாட்சி ஊர் மாறியிருப்பார், அல்லது மறந்திருப்பார். பாதிக்கப்பட்டவருக்கு என்ன பதில் சொல்வது?

இரண்டாவது வாதத்தை லேசாக ஒதுக்கிவிட முடியாது. உடைக்கப்பட்ட கதவுக்குப் பின்னால் பயந்துபோய் நின்ற ஒரு குடும்பமும் இருக்கிறது. ஆனால் அதற்கு வழி, நோயாளியிடம் ஒப்புதல் வாங்குவது மட்டும்தானா? சாட்சியங்களை முன்கூட்டியே முறைப்படி பதிவுசெய்து வைக்கலாம். விரைந்து விசாரிக்கக் கோரும் உரிமையை மட்டும் அவர் தற்காலிகமாக விட்டுக்கொடுக்கலாம்.

முதல் வாதத்துக்கு கலிஃபோர்னியாவே பதில். 2018-ல் அந்த மாநிலம் கொண்டுவந்த சட்டத்தின்படி, மனநோய் உள்ளவரின் வழக்கை விசாரணைக்கு முன்பே நிறுத்திவைத்து, பெரிய குற்றமாக இருந்தால் இரண்டு வருடம் வரை சிகிச்சைக்கு அனுப்பலாம். குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. வெற்றிகரமாக முடித்தால் வழக்கு தள்ளுபடி, அந்தக் கைதே நடக்காத மாதிரி சட்டத்தில் கருதப்படும். தோற்றால் வழக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆக, பிடி அங்கேயும் இருக்கிறது, வழக்கு என்ற வடிவத்தில். கொலை, பாலியல் வன்கொடுமை போன்றவற்றை அந்த ஆண்டே திருத்தம் கொண்டுவந்து விலக்கிவிட்டார்கள். அது சரியான திருத்தம்தான்.

கோர்ட் வரைக்கும்கூட வராமல் தடுக்க முடியும் என்பதற்கு, ப்ரோவர்டின் பக்கத்து வீடான மியாமி-டேட் உதாரணம். நீதிபதி ஸ்டீவன் லைஃப்மேன் 2000-ல் தொடங்கிய திட்டத்தில், மனநல நெருக்கடியை எப்படிக் கையாள்வது என்று போலீஸாருக்கே பயிற்சி கொடுத்தார்கள். 2010 முதல் சுமார் பத்தாண்டுகளில் இரண்டு பெரிய போலீஸ் துறைகளின் பயிற்சி பெற்ற அதிகாரிகள் மனநலம் தொடர்பான 1 லட்சத்து 5 ஆயிரம் அழைப்புகளுக்குப் போனார்கள். கைது செய்தது 198 பேரை. ஜெயிலில் கூட்டம் குறைந்து, கவுன்ட்டி நிர்வாகம் ஒரு ஜெயிலையே மூடியது. அதே ஊரில், இந்த நோயாளிகளுக்காகவே திட்டமிட்ட ஏழு மாடி சிகிச்சை மையம் மட்டும் நிதி, ஒப்புதல் என்று வருடக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டது வேறு கதை.

நியூயார்க்கிலும் பேச்சு நடக்காமல் இல்லை. சிகிச்சை நீதிமன்றங்களை மாநிலம் முழுக்க விரிவாக்கவும், மனநோய் உள்ளவர்கள் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே அங்கே நுழையவும் வழிசெய்யும் மசோதாவை, சிறைக்குப் பதில் சிகிச்சை என்ற பெயரில் அந்த மாநிலச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார்கள். பப்ளிக் டிஃபெண்டர்கள் எனப்படும் அரசு செலவில் வாதாடும் வக்கீல்கள் இதற்காக ஆல்பனியில் வரிந்துகட்டி நின்றார்கள். அது சட்டமாகாத வரை, புரூக்ளின் கோர்ட்டில் ஒருவருக்கு முதல் மாத்திரைக்கு முன்னால் கிடைப்பது, கையெழுத்துப் போட வேண்டிய அந்த ஒப்பந்தம்தான்.